உப்புக்கரைசலும் வள்ளல் அழகப்பரும்

செல்வம் சேர்த்தோர் உலகிற் பலர். சேர்த்ததைத் தாமே நுகர்ந்து சென்றோரும் பலர். மக்களுக்கும் பேரருக்கும் வைத்துச் சென்றோர் அதனினும் பலர். தாம் பாடுபட்டுத் தேடிய பொருளை, தாம் முகமறியாத மாணவர்களின் அறிவு வளர்ச்சிக்கென அள்ளிக் கொடுத்து, அதன் பலனைக் காண்பதற்கு முன்னரே கண் மூடியோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் கோட்டையூர் தந்த கொடைவள்ளல், டாக்டர் இராம. அழகப்பச் செட்டியார்.

ஜிந்துப்பிட்டியில் வாழும் எமக்கு நகரத்தார் மரபு புதியதன்று. கூப்பிடு தூரத்திலே செட்டியார் தெரு. அங்கே பழைய கதிரேசனும் புதிய கதிரேசனும் கோயில் கொண்டிருக்கின்றனர். ஆடிவேல் விழாவின்போது தேரிலே எழுந்தருளும் வேலைத் தரிசித்து வளர்ந்தவர்கள் நாம். அக்கோயில்களை எழுப்பியவர்கள், காரைக்குடிப் பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்து, கிட்டங்கிகளில் தங்கி, வட்டிக்கடையும் வாணிகமும் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டிமார். வரவிலே ஒரு பங்கை மகமை என்று தனியே எடுத்து வைத்து, அதனை அறத்துக்கே செலவிடுதல் அவர்தம் வழக்கம். அந்த மரபிலே தோன்றி, மகமை என்னும் சொல்லுக்குப் புதியதொரு விரிவு கண்டவர் அழகப்பர்.

கல்லூரிகள் நிறுவிய வள்ளல் என்று அவரைப் பலரும் அறிவர். அவர் செய்த கொடைகளுள் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. மின்னிரசாயனம் என்னும் துறைக்கென அவர் கொடுத்த பொருளும் நிலமுமே அது. அக்கொடையை நடுவாக வைத்து அவர் வரலாற்றைக் கூறுவதே எமது நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

அன்றைய இராமநாதபுர மாவட்டத்தில், இன்று சிவகங்கை மாவட்டத்துக்குள் அடங்கிய கோட்டையூர் என்னும் ஊரிலே, 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் அழகப்பர் பிறந்தார். தந்தையார் இராமநாதன் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி. செட்டி நாட்டுப் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் கற்றவுடன் கடையிலே அமர்ந்து விடுவது அக்கால வழக்கம். ஐந்தொகை போடத் தெரிந்தவனுக்குப் பட்டம் எதற்கு என்று கேட்டவர்கள் மலிந்திருந்த காலம் அது. அழகப்பரோ சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். தம் சமூகத்தில் அப்பட்டத்தை முதன்முதற் பெற்றவர் அவரே என்பர்.

பின்னர் இலண்டன் சென்று பாரிஸ்டர் பட்டத்துக்குப் படித்தார். அங்கே வங்கியொன்றில் வங்கித் தொழிலும் பயின்றார். விமானம் ஓட்டும் பயிற்சியையும் விட்டு வைக்கவில்லை. புதியன யாவற்றையும் கற்றுவிட வேண்டும் என்னும் தணியாத வேட்கை அவரிடம் இருந்தது என்பதற்கு இம்மூன்றுமே சான்று.

நாடு திரும்பிய அழகப்பர் மரபுவழி வட்டித் தொழிலோடு நின்றுவிடவில்லை. 1937-ஆம் ஆண்டளவில் கொச்சி இராச்சியத்தில், திருச்சூருக்கு அணித்தாக, நூற்பு நெசவு ஆலை ஒன்றை நிறுவினார். அவ்வாலையைச் சுற்றி எழுந்த ஊருக்கு இன்றும் அழகப்பநகர் என்பது பெயர். மலாயாவில் இறப்பர்த் தோட்டமும் ஈயச் சுரங்கமும், இந்தியாவில் காப்புறுதி, வங்கி, விமானப் போக்குவரத்து என அவர் கைவைத்த தொழில்கள் பல. முப்பத்தைந்து வயது எய்துமுன்னரே பெருஞ்செல்வர் வரிசையில் வைத்து எண்ணப்பட்டார். ஆங்கில அரசு அவருக்குச் சேர் பட்டம் வழங்கிற்று.

கொடையின் தொடக்கம்

1944-ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 இலட்சம் ரூபா கொடுத்து, கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று அமைய வழி செய்தார். இரசாயனப் பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், தோற்றொழில்நுட்பம் ஆகியன அங்கே கற்பிக்கப்படலாயின. தொழிலதிபர் ஒருவர் தொழிற்கல்விக்குக் கொடுத்தது இயல்பே என்று இதனை விட்டுவிடலாம். மூன்றாண்டு கழித்து நிகழ்ந்ததே அவர் உள்ளத்தை முழுமையாகக் காட்டிற்று.

1947-ஆம் ஆண்டு யூலை 3-ஆம் நாள், அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டையொட்டிச் சென்னையிலே ஒரு கூட்டம். பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார், கல்லூரிகள் நகரத்திலேயே குவிந்து கிடக்கின்றன என்றும், செல்வர்கள் முன்வந்து வெளியூர்களிற் கல்லூரி அமைக்க வேண்டும் என்றும் வேண்டினார். அவையில் இருந்த அழகப்பர் அப்போதே எழுந்து, காரைக்குடியிற் கல்லூரி அமைப்பதாக வாக்களித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றோ, பங்காளிகளைக் கேட்க வேண்டும் என்றோ அவர் கூறவில்லை. அடுத்த மாதமே, ஓகஸ்ட் 11-ஆம் நாள், காந்தி மாளிகை என்னும் கட்டடத்திலே கல்லூரி தொடங்கிற்று. வாக்குக்கும் வகுப்புக்கும் இடையே சென்ற நாட்கள் நாற்பதுக்கும் குறைவு.

இதற்குப் பிறகுதான் எமது பொருளாகிய மின்னிரசாயனக் கொடை வருகிறது. அதன் அருமையை உணர வேண்டுமாயின், அழகப்பரைச் சற்று நிறுத்தி வைத்து, க.பொ.த. வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் செய்யும் பரிசோதனை ஒன்றை நினைவுகூர்தல் நலம்.

உப்புக்கரைசலில் நிகழ்வது என்ன?

ஒரு கண்ணாடி முகவையிலே செறிவான கறியுப்புக் கரைசலை எடுத்துக் கொள்கிறோம். பழைய ரோர்ச் பற்றரியிலிருந்து கழற்றிய இரண்டு கரிக்கோல்களை அதில் அமிழ்த்தி, மின்கலவடுக்கு ஒன்றின் இரு முனைகளோடும் இணைக்கிறோம். உடனே இரு கோல்களிலும் குமிழிகள் எழுகின்றன. எதிர்முனையாகிய கதோட்டிலே எழுவது ஐதரசன். அதனைச் சூழ்ந்த நீரில் ஒரு துளி பினோத்தலினை இட்டால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அங்கே காரம் உண்டாகிறது என்பது அதன் பொருள். நேர்முனையாகிய அனோட்டிலே எழுவது மூக்கைத் துளைக்கும் குளோரீன். ஈரமான பாசிச்சாயத் தாளைக் காட்டினால் நிறம் இழந்து வெளிறிவிடும்.

உப்பிலே சோடியம் இருக்க, கதோட்டிலே சோடியம் வராமல் ஐதரசன் வருவது ஏன் என்று மாணவர் கேட்பதுண்டு. சோடியம் அயனை உலோகமாக்குவதற்கு மிகுந்த மின்னழுத்தம் வேண்டும்; நீரிலிருந்து ஐதரசனைப் பிரிப்பதோ அதனினும் எளிது. எளிதானது முந்திக்கொள்கிறது. சோடியம் கரைசலிலேயே தங்கி, நீர் உடைந்தமையால் எஞ்சிய ஐதரொட்சைட்டுடன் சேர்ந்து எரிசோடாவாகிறது. உப்பு, நீர், மின்சாரம் ஆகிய மூன்றிலிருந்து எரிசோடா, குளோரீன், ஐதரசன் ஆகிய மூன்றும் பிறக்கின்றன. செலுத்திய மின்சாரத்தின் அளவுக்கு நேர்விகிதமாகவே இவை விளையும் என்னும் விதியை 1830-களில் இங்கிலாந்திலே மைக்கேல் பரடே வகுத்தார்.

இது வகுப்பறை விளையாட்டன்று. எரிசோடா இன்றேல் சவர்க்காரம் இல்லை, காகிதமும் இல்லை, செயற்கைப் பட்டும் இல்லை. குளோரீன் இன்றேல் நகரங்களின் குடிநீரிலே கிருமி நீக்குதல் அரிது. ஒரு தொன் எரிசோடாவுக்குச் சுமார் ஒன்றரைத் தொன் உப்பு வேண்டும். அதனுடன் 880 கிலோகிராம் அளவு குளோரீனும் 25 கிலோகிராம் அளவு ஐதரசனும் கிடைக்கும். குளோரீனும் காரமும் ஒன்றோடொன்று கலக்க விட்டால் வெளிற்றும் திரவம் கிடைக்கும். சோடியம் உப்புக்குப் பதிலாகப் பொற்றாசியங் குளோரைட்டைக் கரைத்து, கரைசலைச் சூடாக வைத்து இவ்விரண்டையும் கலக்க விட்டால் பொற்றாசியங் குளோரேற்று கிடைக்கும். தீக்குச்சியின் தலையிலே இருப்பது அதுவே. சிவகாசியிலே தீப்பெட்டித் தொழில் செழித்ததற்கும் இக்குளோரேற்றுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

பரிசோதனை முடிந்த பின்னர் முகவையை உற்று நோக்கியவர்கள் ஒன்றைக் கண்டிருப்பர். நீர் சற்றே கருத்திருக்கும். நேர்முனைக் கரிக்கோல் சிறிது தேய்ந்திருக்கும். குளோரீனோடு சிறிதளவு ஒட்சிசனும் அங்கே பிறந்து கரியை அரித்துவிடுவதே காரணம். மாணவன் கோலைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவான். தொழிற்சாலையிலோ இது பெருந்தலையிடி. பென்சிற்கரியாலான அனோட்டுகள் தேயத் தேய, இரு முனைகளுக்கும் இடையேயுள்ள தூரம் கூடும், மின்செலவு ஏறும், சில மாதங்களுக்கு ஒருமுறை கலத்தைத் திறந்து புதிய தகடுகள் மாற்ற வேண்டும். இத்தகைய சிக்கல்களைத் தீர்ப்பதற்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் வேண்டும். அந்நிலையத்துக்கு நிலமும் பொருளும் வேண்டும். இந்த இடத்திலேதான் அழகப்பர் மீண்டும் எம்முன் வருகிறார்.

காரைக்குடிக்கு வந்த ஆராய்ச்சி நிலையம்

விடுதலை பெற்ற இந்தியா, டாக்டர் சாந்தி சுவரூப் பட்நாகரின் தலைமையில், தேசிய ஆய்வுகூடங்களை வரிசையாக நிறுவத் திட்டமிட்டது. பௌதிகத்துக்கு டில்லி, இரசாயனத்துக்குப் புனா என்று இடங்கள் குறிக்கப்பட்டன. பெருநகரங்களே இவற்றுக்கு ஏற்றன என்று எவரும் எண்ணியிருப்பர். அழகப்பர் 15 இலட்சம் ரூபாவும், காரைக்குடியிலே 300 ஏக்கர் நிலமும் தருவதாகக் கூறி, மின்னிரசாயன ஆராய்ச்சி நிலையத்தைத் தம் ஊர்ப்பக்கத்துக்கு அழைத்தார்.

காரைக்குடி அந்நாளில் எப்படிப்பட்ட இடம்? மழை குறைந்த செம்மண் பூமி. மாளிகைகள் பல உண்டு; அவற்றின் உரிமையாளர் பலர் பர்மாவிலும் மலாயாவிலும் ஈழத்திலும் இருந்தனர். ஆலையுமில்லை, பெரிய ஆறுமில்லை. அந்த மண்ணிலே 1948-ஆம் ஆண்டு யூலை 25-ஆம் நாள் பண்டித ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளாகிய ஜனவரி 14-இல், அன்று துணைக் குடியரசுத் தலைவராயிருந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அந்நிலையத்தைத் திறந்து வைத்தார்.

அழகப்பர் ஆங்கில இலக்கியம் கற்றவர்; சட்டம் கற்றவர். முகவையும் மின்கலமும் அவர் துறையல்ல. ஆயினும் ஆலை நடத்தியவர் ஆதலின், எரிசோடா இன்றி நூலை வெளிற்றவும் மெருகேற்றவும் இயலாது என்பதை நன்கறிவார். பிறநாட்டு இரசாயனத்தையே நம்பி இருக்கும் நாடு உண்மையில் விடுதலை பெற்ற நாடாகாது என்பதையும் உணர்ந்திருத்தல் வேண்டும். தமக்குத் தெரியாத கலைக்கு, அதனை அறிந்தோர் வந்து இருந்து பணிபுரிய இடம் அமைத்துக் கொடுத்தார்.

அங்கே நடைபெற்ற பணிகள் பல. மாணவனின் கரிக்கோல் தேய்கிறதே, அச்சிக்கலை இங்கே எடுத்துக் கொள்வோம். பென்சிற்கரியின் மீது ஈயவீரொட்சைட்டைப் படிய வைத்து, எளிதில் தேயாத அனோட்டுகளைக் காரைக்குடியார் ஆக்கினர். குளோரேற்று முதலியவற்றைச் செய்வதற்கு அவை பயன்பட்டன. 1960-களில் மேனாடுகளிலே, தைத்தேனியம் உலோகத்தின்மீது ருதேனியம் போன்ற அரிய உலோகங்களின் ஒட்சைட்டைப் பூசிச் செய்த அனோட்டுகள் தோன்றின. ஆண்டுக்கணக்கில் உழைத்தும் உருக்குலையாதவை அவை. அத்தகைய அனோட்டுகளை உள்நாட்டிலேயே செய்துகொள்ளும் முறையையும் இந்நிலையம் உருவாக்கிற்று. உருகிய உப்பிலிருந்து மகனீசியம் பிரித்தல், மின்கலங்கள் செய்தல், இரும்பைத் துருவிலிருந்து காத்தல் ஆகியனவும் அதன் துறைகள். துருப்பற்றிய ஆராய்ச்சிக்கென மண்டபத்திலே ஒரு கிளையும் உண்டு. எமது தலைமன்னாருக்கு எதிர்க்கரையிலே, அதே உப்புக் காற்றிலே, அவர்கள் இரும்புத் தகடுகளைக் காயப்போட்டுச் சோதிக்கின்றனர்.

பெரியோர் கேட்கும் கேள்வி

இங்கே எம் சங்கத்துப் பெரியோர் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். நகரத்தார் தில்லையிலும் மதுரையிலும் கோயில் திருப்பணிகள் செய்தனர். பசுமடமும் வேதபாடசாலையும் அன்ன சத்திரமும் வைத்தனர். அந்த மகமைப் பொருள் குளோரீன் நாறும் கூடத்துக்குப் போவது அறமாகுமா? கல்வி வேண்டுமாயின் தேவாரமும் திருவாசகமும் ஓதும் கல்வி போதாதா?

கேள்வி தள்ளத்தக்கதன்று. அவர்கள் செய்த திருப்பணிகள் இன்றேல் எமக்கு வணங்கக் கோயில்களே இல்லை. ஆயினும் அதே மரபிலே இராஜா சேர் அண்ணாமலைச் செட்டியார், தில்லைக் கூத்தன் சந்நிதி இருக்கும் சிதம்பரத்திலேயே 1929-இல் பல்கலைக்கழகம் கண்டார். பசித்தவனுக்குச் சோறிடுவது அறமாயின், பசி வாராத வழியைத் தேடுவோனுக்கு இடமளிப்பதும் அறமேயாகும். நீரிலே கிருமி நீக்கிக் குழந்தைகளைக் காக்கும் குளோரீன், அன்ன சத்திரத்துக்கு எவ்வகையிற் குறைந்தது? மிஷன் பாடசாலைகளிற் கற்ற எம்போன்றோர்க்கு இதிலே இன்னொரு பாடமும் உண்டு. கடல் கடந்து வந்தோர் எமக்குப் பள்ளியும் பரிசோதனைக் கூடமும் அமைத்துத் தந்தனர். அதற்கு நாம் நன்றி பாராட்டுகிறோம். ஆயினும் எம்மவரும் எம்மவர்க்கு அவற்றை அமைக்க வல்லர் என்பதைக் காட்டிய ஒருவரை அறியாதிருத்தல் எமக்கு அழகன்று.

பெயருக்காகக் கொடுத்தார் என்று கூறுவோரும் உண்டு. கல்லூரிகள் அவர் பெயரைத் தாங்கி நிற்பது உண்மையே. ஆனால், 15 இலட்சமும் 300 ஏக்கரும் பெற்ற இந்த ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலே அழகப்பர் இல்லை. மத்திய மின்னிரசாயன ஆராய்ச்சி நிலையம் என்பதே அதன் பெயர். அது நாட்டின் சொத்து. பெயரையே வேண்டியவர் இத்தகைய கொடையைச் செய்திருப்பாரா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

இறுதிக் காலம்

செல்வமும் புகழும் பெற்ற அவருக்கு உடல்நலம் வாய்க்கவில்லை. கொடிய நோய் ஒன்று நீண்ட காலம் அவரை வருத்திற்று. அந்நோய்க்கிடையிலும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியற் கல்லூரி, மகளிர் கல்லூரி, உடற்பயிற்சிக் கல்லூரி, சிறுவர் பள்ளி என ஒன்றன்பின் ஒன்றாகக் காரைக்குடியில் எழுந்தன. பெண்கள் கல்விக்கு இடம் வேண்டியபோது, கோட்டையூரிலே தாம் வாழ்ந்த மாளிகையையே கொடுத்தார். வாணிகத்தில் இறக்கம் வந்த காலத்திலும் கை சுருங்கவில்லை. 1956-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது.

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் அவர் இவ்வுலகை நீத்தார். மறுநாள் அவருக்கு நாற்பத்தெட்டு வயது நிறைந்திருக்கும். ஆராய்ச்சி நிலையம் திறந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஈயவீரொட்சைட்டு அனோட்டும் தைத்தேனிய அனோட்டும் தொழிற்சாலைகளுக்குச் செல்வதை அவர் காணவில்லை. தாம் அமைத்த கல்லூரிகளைச் சூழ்ந்து 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் எழுந்ததையும் காணவில்லை. மரம் வைத்தார், நிழலில் அமரவில்லை.

எமது நாட்டு உப்பு

இவ்வரலாறு கடலுக்கு அப்பால் நிகழ்ந்தது என்று நாம் இருந்துவிடலாகாது. ஆனையிறவிலே உப்பு விளைந்தது; அதற்கு அணித்தாகிய பரந்தனிலே இரசாயனத் தொழிற்சாலை எழுந்து, அவ்வுப்பை மின்பகுப்புச் செய்து எரிசோடாவும் குளோரீனும் ஆக்கிற்று. வகுப்பிலே நாம் முகவையிற் செய்வதை எம்மண்ணிலேயே பெரிய அளவிற் செய்து காட்டிய இடம் அது. போர் வந்தது, தொழிற்சாலை நின்றது, இயந்திரங்கள் சிதைந்தன. எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பும், ஒரு தலைமுறையின் தொழிலறிவும் அதனோடு போயின. கட்டடத்தை மீண்டும் கட்டலாம். மின்பகுப்பை அறிந்த கைகளையும் மூளைகளையும் ஆக்குவதற்கு ஆண்டுகள் பல வேண்டும்; அவற்றை ஆக்கப் பொருள் கொடுப்போரும் வேண்டும்.

இளைஞர்களே! உப்புக்கரைசலின் மின்பகுப்பைப் பரீட்சைக்கு ஐந்து புள்ளி தரும் வினாவாக மட்டும் எண்ணாதீர்கள். கரிக்கோல் ஏன் தேய்ந்தது என்று கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்டோர்க்காகவே ஒருவர் முந்நூறு ஏக்கர் நிலம் கொடுத்தார். பெரியோர்களே! எமது சங்கத்தின் சிறிய நூல்நிலையத்துக்கு ஒரு விஞ்ஞான நூலும், ஏழை மாணவன் ஒருவனுக்குப் பரிசோதனைக் கட்டணமும் நீங்கள் கொடுப்பின், அதுவும் அழகப்பர் வழியே. தொகை சிறிதாயினும் மகமை மகமையே.

கதிரேசன் கோயிற் தீபம் போலவே, காரைக்குடி ஆய்வுகூடத்து விளக்கும் நகரத்தார் ஏற்றியதே. இரண்டும் அணையாதிருக்க வேண்டும். வாழ்க வள்ளல் அழகப்பர் நாமம்!